முதல் கட்டத்தில் 'உ'

மூன்று வருடக் கொள்முதல், ஒரே கோப்பில்:
பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு வரி.
முதல் கட்டத்தில் யாரோ தட்டியிருந்தார்கள்,
உ.
அதையே தலைப்பென்று எடுத்துக்கொண்டு
மென்பொருள் தேதியை விலை என்றது,
விலையை ஊர் என்றது.
பிள்ளையாரை அழிக்கக் கை வரவில்லை.
பக்கத்துத் தாளில் குடியேற்றிவிட்டு
வேலையைத் தொடங்கினேன்.

புதுவயல் சாலையில் எங்கள் பலகாரக் கம்பெனி.
முறுக்கு, தட்டை, சீப்புச் சீடை,
நாளுக்கு நாலு டன்.
என் அறை எண்ணெய்க் கிட்டங்கிக்கு நேர் மேலே;
விசைப்பலகையில்கூட ஒரு பிசுக்கு.

முதல் வாரம் முழுக்கப் பெயர்ப்பொருத்தம்.
கருப்பர் டிரேடர்ஸ், கருப்பர் டிரேடிங்,
ஸ்ரீகருப்பர், திரு. கருப்பர்,
ஓரிடத்தில் வெறும் 'கருப்பு'.
ஒரே ஜிஎஸ்டி எண், ஒரே கோவிலூர் முகவரி.
பதினோரு பேரை ஓராளாக்கியபோது
தொகை கோடியைத் தாண்டி எழுந்து நின்றது.
இத்தனை நாளும்
காலே அரைக்கால் வாங்க வந்தவர்கள் போல
அவர் கல்லா முன்னால் நின்றிருக்கிறோம்.

பிறகு டின்.
"டின்னுன்னா டின்னுதான்" என்றார் ஸ்டோர்ஸ் சேவுகன்.
இறங்கிப் போய்த் தராசில் ஏற்றினேன்.
ஒன்றில் பதினைந்து கிலோ,
இன்னொன்றில் பதினைந்து லிட்டர்.
எண்ணெய் தண்ணீரைவிட இலேசு என்பதைப்
பள்ளிக்கூடத்தோடு மறந்திருந்தோம்.
மலிவென்று மூன்று வருடம் வாங்கியது
கிலோவுக்கு மாற்றியதும்
வரிசையில் நான்காவதாய்ப் போய் நின்றது.
சேவுகன் தராசைத் துடைத்தார்,
அதில் ஏதோ அழுக்கு இருப்பதுபோல.

குறிப்புப் பத்தியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப:
அவசரம்.
இருநூற்றுப் பன்னிரண்டு தடவை.
ஒவ்வோர் அவசரத்துக்கும் கிலோவுக்குப் பதினோரு ரூபாய் கூட.
தீபாவளியாக இருக்கும் என்று பார்த்தேன்.
இல்லை. தீபாவளி
ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது.
கணக்குப் பிரிவிலிருந்து பட்டுவாடாத் தாளை வாங்கி
அருகே ஒட்டினேன்.
நாற்பத்தைந்து நாளில் தருவதாய்ச் சொன்ன பணத்தை
தொண்ணூற்று நாலாம் நாள் தந்திருக்கிறோம்.
எண்பதாம் நாள் ஆனதுமே
சரக்கு லாரிகள் திருமயம் அருகே
வரிசையாகப் பஞ்சராகியிருக்கின்றன.

அந்த அவசரங்களுக்கு ஒப்புதல் தந்தவர் பத்தியில்
நூற்று நாற்பது இடத்தில் ஓரெழுத்து.
உ.
உமையாள். நான்தான்.
முதல் கட்டத்தில் இருந்தது
பிள்ளையாரா, நானா என்று
அதன்பின் நிச்சயமாய்ச் சொல்ல முடியவில்லை.

எம்.டி. சோலையப்பன் கேட்டார்:
"யார் யாரை வெட்டலாம், அதை மட்டும் சொல்லு."
அவர் மனதில் முதலில் இருந்தது
தேவகோட்டை சிக்கந்தர். உளுந்து.
எல்லாரையும்விட மூன்று ரூபாய் அதிகம்.
சிக்கந்தரின் வரிகளை மட்டும் பிரித்துக் காட்டினேன்:
எடை குறையவில்லை, நாள் தவறவில்லை,
அவசரம் என்ற சொல்லே அங்கே இல்லை.
நாம் தாமதிக்கும் நாற்பத்தொன்பது நாளுக்கும்
வட்டி போட்டுப் பாருங்கள் சார்,
கிலோவுக்குச் சரியாக மூன்று ரூபாய் வரும்.
அது உளுந்தின் விலை இல்லை.
நம்முடையது.

திரையில் அவர் கையெழுத்துத் தாமதங்கள்
சிவப்பில் ஏறி இறங்கின.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"இந்த கிராஃபைக் கொஞ்சம்
சின்னதாப் போட முடியுமா?" என்றார்.
போட்டேன்.
சின்னதாகியும் அதே இடங்களில்தான் ஏறியது.

நேற்று மாலை சிக்கந்தர் போன் செய்தார்.
"உமையா, பணம் ஏறிருக்கு.
முப்பத்தெட்டு நாள்தானே ஆச்சு,
ஆள் மாத்திப் போட்டுட்டீங்களா?
திருப்பி அனுப்பணும்னா சொல்லுங்க."

தப்பு எதுவுமில்லை பாய் என்று
சட்டென்று சொல்ல வாய் வரவில்லை.
எதிரே திறந்து கிடந்தது,
பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு வரி.